மாற்ற முடியாததை முதலிற் பாருங்கள்

காணி வாங்கும்போது உறுதியைப் பார்க்கிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஆனால், மடிக்கணினி வாங்கச் சென்றால் மட்டும் அதன்மேல் ஒட்டியிருக்கும் வண்ணச் சீட்டைப் பார்த்து மனநிறைவு அடைந்துவிடுகிறோம். பெற்றோர் பலர் இன்று இவ்வாறுதான் பணத்தை இழக்கின்றனர்.

எமது அன்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுகிறோம். அவருடைய மூத்த புதல்வி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை பயிலத் தெரிவானார். தங்கியிருந்த வாடகை அறையில் மேசைக் கணினி வைக்க இடமில்லை. விடுமுறைக்கு வீடு வரும்போது வேலையும் கூடவே வரவேண்டும். ஆகவே, மேசைக் கணினியின் வேலை முழுவதையும் செய்யவல்ல மடிக்கணினி ஒன்று தேவையாயிற்று. இரண்டாண்டுகள் கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு அன்பர் கடைக்குச் சென்றார். பாவித்ததாயினும் புதியது போன்றது என்றும், ‘ஐ7’ என்றும் புகழ்ந்து ஒன்றை அவரிடம் விற்றனர். முதலாவது தவணை முடியுமுன்னரே, முப்பரிமாண வரைபடம் ஒன்றைத் திறந்தாற் போதும், இயந்திரம் மூச்சு வாங்கத் தொடங்கியது. எம்மிடம் கொணர்ந்தார், பார்த்தோம். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஐ7-7500யூ’ என்னும் செயலி அதனுள் இருந்தது.

“ஐ-ஏழு, ஐ-ஐந்திலும் மேல் என்றுதானே தம்பி சொன்னார்கள்?” என்று அவர் கேட்டபோது எமக்கு மறுமொழி கூற நா எழவில்லை.

மேல்தான், ஆனால் ஒரே தலைமுறைக்குள் மட்டுமே. அந்த ஐ7 செயலிக்குக் கருக்கள் இரண்டே. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ‘ஐ5-8250யூ’ செயலிக்கோ நான்கு. மேலும், இன்டெல் செயலிகளுள் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே வின்டோஸ் 11க்கு உரியனவாக ஏற்கப்பட்டுள்ளன. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. ஆகவே, அன்பர் வாங்கியது வேகத்திற் குறைந்தது மட்டுமன்று, ஆயுளிலுங் குறைந்தது.

இவ்விலக்கத்தைப் படிப்பது கடினமன்று. 7500 என்பதில் முதல் இலக்கமாகிய 7 தலைமுறையைக் குறிக்கும். 12450 என்பதில் முதல் இரண்டு இலக்கங்களாகிய 12 அதனைக் குறிக்கும். இறுதியில் நிற்கும் எழுத்தோ அதனிலும் முக்கியமானது. ‘யூ’ என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிக்கும் செயலி. ‘எச்’ என்றால் கடும் உழைப்புக்குரியது. முன்னையது 15 வாற் அளவையும், பின்னையது 45 வாற் அளவையும் அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்படுவது வழக்கம். 2023ஆம் ஆண்டின் இறுதியில் ‘கோர் அல்ட்ரா’ என்று புதுப்பெயர் வந்தபோதும் இவ்வெழுத்துக்கள் மறையவில்லை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் செயலிகளிலும் இவற்றைக் காணலாம். மேசைக் கணினிக்கு ஈடாக ஒன்றைத் தேடுவோர் ‘எச்’ எழுத்தையே தேடுதல் நன்று.

இனி, நாம் வற்புறுத்த விரும்பும் விதிக்கு வருவோம். மடிக்கணினியில் வாங்கிய பின் மாற்ற முடியாதவை சில. மாற்றக் கூடியவை சில. செயலி, கிராபிக்ஸ் சிப், திரை, வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு ஆகியவற்றை எளிதில் மாற்ற இயலாது. றாம் எனப்படும் நினைவகத்தையும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தையும் பெரும்பாலான பெரிய மடிக்கணினிகளிற் பின்னர் மாற்றலாம். கையிலுள்ள பணத்தை முதலாவது வகையிலே செலவிடுங்கள். இரண்டாவது வகை சிறிது பொறுத்திருக்கட்டும்.

கிராபிக்ஸ் சிப் எல்லோருக்கும் வேண்டியதன்று. கட்டுரை எழுதுவோருக்கும் கணக்குப் பார்ப்போருக்கும் அது வீண் செலவு. வரைபடம், காணொளித் தொகுப்பு முதலியவற்றுக்கு வேண்டுமாயின், பெயரை மட்டும் பார்த்தல் போதாது. ‘ஆர்.ரி.எக்ஸ். 4060’ என்ற ஒரே பெயருடைய சிப், மடிக்கணினிக்கு மடிக்கணினி 35 வாற் முதல் 115 வாற் வரை வேறுபட்டு இயங்குகிறது. மெல்லிய உடலுக்குள் அடைபட்டது மெதுவாகவே ஓடும். எத்தனை வாற் என்று கேட்டறிதல் அவசியம்.

திரை 15.6 அங்குலமும் 1920க்கு 1080 புள்ளிகளும் உடையதாயின் போதும்; ஐ.பி.எஸ். வகையாக இருத்தல் வேண்டும். பக்கவாட்டில் நின்று பாருங்கள்; நிறம் மங்கினால் விட்டுவிடுங்கள். வீட்டில் எச்.டி.எம்.ஐ. கம்பி மூலம் பழைய திரையொன்றை இணைத்து, தனியான விசைப்பலகையும் வைத்துக்கொண்டால் கழுத்துக்கும் கண்ணுக்கும் ஆறுதல்.

நினைவகம் 16 ஜி.பி. இருத்தல் நலம். எனினும், 8 ஜி.பி.யும் வெறுமையான இடமொன்றும் இருப்பின் அஞ்சாது வாங்கலாம். ஒத்த அளவான இரண்டு பலகைகள் சேர்ந்து இயங்கும்போது வேகமும் கூடும். ஆனால், டி.டி.ஆர். 4 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர். 5 பொருந்தாது, சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அத்தகையதில் முதலிலேயே போதியளவு இருத்தல் வேண்டும். நினைவகத்தின் விலை ஏறி இறங்குவதால், கூடுதலாகப் பூட்டிய கணினியின் விலையையும், பின்னர் பூட்டுவதற்கான செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணினியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்பதைக் கேட்டு, விடையைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்துக் கொள்ளுங்கள்.

கடையில் ஒரு வேலை செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் ராஸ்க் மனேஜர் தோன்றும். அதன் செயற்றிறன் பகுதியிற் செயலியின் முழுப்பெயரும், நினைவக இடங்கள் இரண்டில் எத்தனை நிரம்பியுள்ளன என்பதும் தெரியும். வண்ணச் சீட்டு மாறினும் இது எளிதில் மாறாது. மின்னேற்றியின் வாற் அளவையும் பாருங்கள். 180 வாற் வேண்டிய இயந்திரத்துக்கு 65 வாற் மின்னேற்றியைக் கொடுத்துவிட்டால் குதிரைக்குக் கோழித்தீனி போட்ட கதைதான்.

மலிவுக்கு வழி இரண்டு. ஒன்று, புதிய வரவு வந்ததும் விலை குறையும் சென்ற ஆண்டின் மாதிரி. மற்றது, பெரிய அலுவலகங்கள் பாவித்துக் கழித்த திங்பேட் பி, டெல் பிரிசிஷன், எச்.பி. இசற்புக் போன்ற கனரக மடிக்கணினிகள். பார்வைக்குக் கறுப்பும் தடிப்புமாக இருப்பினும், உழைப்புக்கென்றே செய்யப்பட்டவை இவை.

பற்றரியைப் பற்றியும் ஒரு சொல். எந்நேரமும் மின்னிணைப்பில் இருக்கும் கணினியின் பற்றரி, நூறு வீத நிரப்பினாலும் வெப்பத்தாலும் விரைந்து தேயும். 80 வீதத்தில் நிறுத்தும் வசதி பலவற்றில் உண்டு. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் போன கணத்தில் மேசைக் கணினியில் எழுதியது போய்விடும். மடிக்கணினியிற் சேமித்து வைக்க அவகாசம் கிடைக்கும்.

அன்பர் முன்னையதை அரை விலைக்குக் கொடுத்தார். குறைந்த தொகைக்காக இல்லாளின் காப்பு ஒரு சோடி அடகுக்குச் சென்றது. இம்முறை அவர் இலக்கத்தைப் பார்த்து, எச் வகைச் செயலியும் நல்ல திரையும் உடைய பழைய அலுவலகக் கணினியொன்றை 8 ஜி.பி.யுடன் வாங்கினார். அடுத்த தவணைக்குமுன் இன்னொரு 8 ஜி.பி. பூட்டினார். புதல்வியின் வரைபடங்கள் இப்போது தடையின்றி ஓடுகின்றன. காப்பு மட்டும் இன்னும் மீளவில்லை.

உங்கள் வீட்டுக் காப்பு கையிலேயே இருக்கவேண்டுமாயின், பெற்றோரே, மாணவரே, விலையைப் பேசுமுன் இலக்கத்தைப் படியுங்கள்.