எடுக்கும் கொத்தும் கொடுக்கும் கொத்தும்

நெல் அளக்கும் களத்திலே ஒருவனுடைய உள்ளத்தை அறிந்துகொள்ளலாம் என்பது கமக்காரர் யாவரும் கண்ட உண்மை. வாங்கும்போது கொத்தைக் குவித்து அளப்பவனும், கொடுக்கும்போது அதே கொத்தைத் தலைதட்டி அளப்பவனும் எல்லா ஊரிலும் உளர். அவனும் கோயிலுக்குப் போவான், தேவாலயத்துக்குப் போவான், பள்ளிவாசலுக்குப் போவான். நெற்றியிலுள்ள குறியைக் கொண்டோ தலையிலுள்ள தொப்பியைக் கொண்டோ அவனை நாம் அறிய முடியாது. கையிலுள்ள கொத்தே அவனைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த எளிய உண்மையை இஸ்லாம் தன் ஒழுக்கநெறியின் நடுவிலே வைத்திருக்கிறது. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. பிறரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, தாம் அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடு உண்டு என்ற எச்சரிக்கையுடன் அது தொடங்குகிறது. மத்யன் மக்களிடம் அனுப்பப்பட்ட ஷுஐப் நபி, ஏக இறைவனை வணங்குமாறு கூறியதை அடுத்து, அளவையையும் நிறுவையையும் நிறைவாக்குமாறு போதித்தார் என்றும் அம்மறை கூறும். வணக்கமும் தராசும் அங்கே ஒரே மூச்சில் பேசப்படுகின்றன.

தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ் என்பனவற்றை இஸ்லாத்தின் கடமைகளாக நாம் எல்லோரும் அறிவோம். நற்குணத்தை நிறைவு செய்வதற்காகவே தாம் அனுப்பப்பட்டதாக நபிகள் நாயகம் அவர்கள் கூறினார்கள் என்ற ஹதீஸை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அந்த நற்குணம் யாது? இன்சொல்லும் புன்முறுவலும் மாத்திரந்தானா? நபிகளாரின் வாழ்க்கையை ஒரு சட்டத்தரணியின் கண்கொண்டு படித்த நமக்குத் தோன்றுவது இதுதான்: எடுப்பதற்கு ஒரு கொத்தும் கொடுப்பதற்கு வேறொரு கொத்தும் வைத்திராமையே அந்த நற்குணத்தின் உயிர்.

ஒருமுறை நபிகளார் சந்தையிலே தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றான் வியாபாரி. அப்படியானால் வாங்குவோர் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே எனக் கேட்ட நபிகளார், ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று தீர்த்துவிட்டார்கள். மழையைக் குற்றஞ்சாட்ட யாராலும் முடியாது. ஈரத்தை மறைத்த கைக்கே தீர்ப்பு வழங்கப்பட்டது. நனைந்த நெல்லைச் சாக்கின் அடியிலே போடும் வழக்கத்தை அறியாதவர் நம்முள் யார்?

மற்றொரு சமயம், வங்குரோத்து அடைந்தவன் யார் என்று நபிகளார் தோழர்களிடம் வினவினார்கள். பணமும் பொருளும் இல்லாதவனே என்றனர் அவர்கள். மறுமை நாளிலே தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் வந்து நின்றும், இவனை ஏசியும், அவனை அடித்தும், வேறொருவன் பொருளைத் தின்றும் வாழ்ந்திருந்தவனே உண்மையான வங்குரோத்துக்காரன் என விளக்கினார்கள் நபிகளார். வழக்காளிகள் ஒவ்வொருவராக வந்து அவனுடைய நன்மைகளை எடுத்துச் செல்வர். நன்மைகள் தீர்ந்த பின்னர் அவர்களுடைய பாவங்கள் அவன் தலையிலே சுமத்தப்படும். நீதிமன்றங்களிலே கடனாளிகளின் கணக்கைப் பார்த்துப் பழகிய எமக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுவதில்லை. வணக்கத்தால் ஈட்டியதைக் கொடுத்தேனும் மனிதனுக்குப் பட்ட கடன் தீர்க்கப்பட்டேயாக வேண்டும்.

திருக்குர்ஆனிலே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் பலர் வியப்படைவர். இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது வசனமாகிய அது, கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றியது! தவணை குறித்த கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதப்படல் வேண்டும். எழுதுவோன் நீதியாக எழுதல் வேண்டும். கடன்பட்டவனே வாசகத்தைச் சொல்லல் வேண்டும். அவன் ஆற்றலற்றவனாயின் அவனுடைய பாதுகாவலன் சொல்லல் வேண்டும். சாட்சிகள் இருத்தல் வேண்டும். உறுதி முடிக்கும் நொத்தாரிசு ஒருவர் கவனிக்க வேண்டியவை அனைத்தும் அங்கே இருக்கின்றன. வலியவன் எழுதியதில் எளியவன் கைநாட்டு வைத்துக் காணியை இழந்த கதைகள் மலிந்த நாட்டிலே வாழும் நாம், இதன் அருமையை உணராதிருக்க முடியுமா?

இனி, எழுத்தும் சாட்சியும் இல்லாத இடத்திலே குணம் எவ்வாறு விளங்கியது என்பதைப் பார்ப்போம். நபித்துவம் பெறுவதற்கு முன்னரே மக்கா மக்கள் நாயகம் அவர்களை 'அல்அமீன்', அதாவது நம்பிக்கைக்குரியவர் என்றழைத்தனர். கஃபாவைத் திருத்திக் கட்டியபோது கறுப்புக் கல்லை உரிய இடத்தில் வைக்கும் பெருமை எந்தக் குலத்துக்கு என்று வாள் உருவும் அளவுக்குப் பூசல் மூண்டது. நாயகம் அவர்கள் ஒரு துணியை விரித்து, கல்லை அதன்மீது வைத்து, குலத்தலைவர்கள் எல்லோரையும் அதன் ஓரங்களைப் பற்றித் தூக்கச் செய்து, பின்னர் தம் கையாலே கல்லை இடத்தில் அமர்த்தினார்கள். ஒரு குலத்துக்கு நிறைத்தும் இன்னொரு குலத்துக்குக் குறைத்தும் அளக்காத கை அது.

அதே மக்கா பின்னர் அவர்களைக் கொல்லச் சதி செய்தது. 622ஆம் ஆண்டு இரவோடு இரவாக ஊரைவிட்டு வெளியேற வேண்டிய நிலை உண்டாயிற்று. அப்பொழுதும் மக்காவாசிகள் நம்பி ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்கள் நாயகம் அவர்களின் வசம் இருந்தன. 'என்னை விரட்டுவோரின் பொருள் எனக்கே' என்று அவர்கள் எண்ணவில்லை. உரியவர்களிடம் அவற்றை ஒப்படைக்கும் பொருட்டு அலீ அவர்களை உயிராபத்தின் நடுவே மக்காவில் விட்டுச் சென்றார்கள். பகை மூண்டதால் அமானிதம் அழிந்துபோகவில்லை.

628ஆம் ஆண்டின் ஹுதைபிய்யா உடன்படிக்கை இன்னொரு சான்று. குறைஷியரிடமிருந்து தப்பி வருவோரைத் திருப்பி அனுப்புவதென்ற நிபந்தனையை நபிகளார் ஏற்றார்கள். பத்திரம் எழுதி முடியுமுன்னரே, குறைஷியரின் சார்பிற் பேச வந்த ஸுஹைலின் மகன் அபூஜந்தல் விலங்கிட்ட கால்களோடு வந்து அடைக்கலம் கேட்டார். தோழர்களின் உள்ளம் கொதித்தது. பொறுமை கொள்ளுமாறு ஆறுதல் கூறி, கொடுத்த சொல்லை மீறாது அவரைத் திருப்பி அனுப்பினார்கள் நபிகளார். கிழித்தெறிவதற்காகவே ஒப்பந்தங்கள் எழுதப்படுவதைக் கண்டு சலித்த நமக்கு, இது பாடமன்றோ!

எல்லாவற்றிலும் மேலான சோதனை தன்னவர்க்கு எதிராக நீதி சொல்வது. மதீனாவிலே ஒருவன் கவசமொன்றைத் திருடி, பழியை யூதர் ஒருவர்மீது சுமத்தினான் என்றும், அவனுடைய சுற்றத்தார் அவனுக்காக நபிகளாரிடம் பரிந்து பேசினர் என்றும் உரையாசிரியர் பலர் கூறுவர். நான்காம் அத்தியாயத்தின் 105ஆவது வசனம் முதலாக வருவன அந்த வழக்கைப் பற்றியவை என்பது அவர்கள் கொள்கை. வஞ்சகருக்காக வாதாட வேண்டாம் என்பதே ஆங்கு இடப்பட்ட கட்டளை. முஸ்லிம் எனச் சொல்லிக்கொண்டவன் குற்றவாளியானான். யூதர் பழி நீங்கினார். ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியினின்று பிறழச் செய்யக் கூடாது என்று ஐந்தாம் அத்தியாயமும் இடித்துரைக்கிறது.

முஸ்லிம் மன்னர்களும் வணிகர்களும் என்றும் இவ்வண்ணமே நடந்தனரா எனச் சிலர் கேட்பர். நடந்தவரும் உளர், நடவாதவரும் உளர். கள்ளக் கொத்து சந்தையிலே இருப்பதனால் நல்ல கொத்து பொய்யாகிவிடாது. கள்ளத்தைப் பிடிப்பதற்கே நல்ல கொத்து வேண்டியிருக்கிறது. ஆனால் பிறர் கொத்தை மாத்திரம் சோதித்துத் திரிபவன் தன் கொத்தை எப்பொழுது சோதிப்பான்?

ஆகவே நாமும் நம்மைச் சோதிப்போம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, வடக்கில் வாழ்ந்த எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரந்தான். பணமும் நகையும் பறிக்கப்பட்டன. வீடும் காணியும் கடையும் பின்னே கிடந்தன. கிழக்கிலே இரு சமூகத்தாரும் ஒருவரால் ஒருவர் பட்ட துயரங்களையும் நாம் மறந்தோமில்லை. எனினும் நம் காணியையும் வீட்டையும் இழந்தபோது முழு நீதி கேட்டு நின்றவர்கள் நாம். குவித்து அளந்து கேட்ட நாம், நம் அயலவர்க்குத் தலைதட்டி அளக்கலாமா?

பத்தாண்டு எதிரிடையாக ஆண்டவனுக்குக் காணியை உரிமையாக்குவது நம் நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டம். யுத்தத்தால் பெயர்ந்தோருக்கு அச்சட்டம் தீங்காகாமலிருக்க 2016ஆம் ஆண்டில் விசேட சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. சட்டம் ஆண்டுகளை எண்ணட்டும். அது சட்டத்தின் தொழில். அமானிதத்துக்கோ காலாவதி என்பது இல்லை. விரட்டியவர்களின் பொருளையே திருப்பிக் கொடுத்தவரின் வரலாற்றைப் படித்த பின்னர், விரட்டப்பட்டவர்களின் பொருளை வைத்துக்கொண்டு நாம் நீதியைப் பற்றிப் பேசுவது எங்ஙனம் பொருந்தும்?

உறுதி எழுதும் நொத்தாரிசுகளே, எல்லை காட்டும் நில அளவையாளர்களே, கிராம சேவையாளர்களே, கமக்காரப் பெருமக்களே! பெயர்ந்துபோன அயலவரின் வேலி உங்கள் ஊரிலே எவ்விடத்தில் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அவரோ அவருடைய பிள்ளைகளோ வந்து கேட்கும் நாளிலே, தெரியாது என்று சொல்லாதீர்கள். வேலி இருந்த இடத்தை உள்ளபடி காட்டுங்கள்.