தொலைவிலிருந்தும் தோள்கொடுப்போம்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் சேமிப்பைக் கண்டபடி செலவழிக்கிறார், மரணவீட்டில் சிரிக்கிறார், மனைவியின் கண்ணீர் அவரைத் தொடுவதில்லை. எம்மவர் இதனைத் திமிர் என்கின்றனர். போர் தந்த மனவடு என்போரும் உளர்.

ஆனால், மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் சிதைவதால் வரும் மறதிநோயாகவும் இது இருக்கலாம். 1892இல் பிராக் நகர வைத்தியர் ஆர்னோல்ட் பிக் விவரித்த இந்நோய், பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குகிறது. முதலில் மாறுவது ஞாபகமன்று, குணமே. ஆதலால் நோயென எவரும் நம்புவதில்லை. குணப்படுத்தும் மருந்தும் இன்றுவரை இல்லை. முழுச்சுமையும் பராமரிப்பவர் தலையிலேயே விழுகிறது.

பிரித்தானியாவில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியுடன் இணைந்த அரிய மறதிநோய் ஆதரவுச் சேவை, இத்தகைய குடும்பங்களுக்குத் தொலைபேசியிலும் காணொளியிலும் துணைநிற்கிறது. எனினும், ஆங்கிலத்தில் மனந்திறக்க இயலாத எமது பெண்களுக்கு அது போதாது.

அயலவரிடம் சொன்னால் ஊரெங்கும் பரவுமென அவர்கள் அஞ்சுகின்றனர். இங்கே தொலைவே நன்மையாகிறது. பாரிஸிலோ ரொறன்ரோவிலோ இதே துயரைச் சுமக்கும் முகமறியாத சகோதரியிடம் பேசலாம். "அவருடன் வாதிடாதீர்கள், வங்கிக் கணக்கைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள், குடும்ப வைத்தியரிடம் குணமாற்றத்தை மறைக்காது கூறுங்கள்" என்று அனுபவத்தால் உரைக்க அவளால் முடியும்.

சிதறிய குடும்பங்களைத் தொலைபேசியாற் காத்த சமூகம் நாம். கிழமைக்கு ஒரு மணிநேரம் தமிழில் ஓர் உரையாடல் வட்டத்தை நடத்த, எமது சங்கங்கள் ஆண்டுவிழாக்களுக்குச் செலவிடுவதில் சிறுபகுதியே போதும். இதனை இனியும் பிற்போடலாகாது.