சிரித்தாகிவிட்டது... போல்ட் எங்கே?

2024 ஜனவரி 5-ம் தேதி மாலை, அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரிலிருந்து கலிபோர்னியாவின் ஒன்டாரியோவுக்குக் கிளம்பியது அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் மேக்ஸ்-9 விமானம். சுமார் 16,000 அடி உயரத்தில் இருந்தபோது, 26-ம் வரிசையின் பக்கச் சுவர் ஜன்னலோடு பெயர்ந்து வெளியே போனது. உள்ளே 171 பயணிகள், 6 ஊழியர்கள். ஓட்டையை ஒட்டிய இரண்டு இருக்கைகளும் காலி. அதற்கு முன் வரிசையிலிருந்த சிறுவனின் சட்டையைக் காற்று உருவிக்கொண்டு போய்விட்டது. விமானிகள் பதறாமல் விமானத்தைத் திருப்பி, எல்லோரையும் உயிரோடு தரையிறக்கினார்கள்.

யாரும் சாகவில்லை என்று தெரிந்த மறு நிமிடமே உலகம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. இனி ஜன்னல் சீட்டுக்குத் தனிக் கட்டணம், காற்று மட்டும் இலவசம் என்கிற ரீதியில் கேலிகள் குவிந்தன. ‘போயிங் இல்லையென்றால் பயணம் இல்லை’ என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லப்பட்ட வாசகத்தைத் தலைகீழாகப் புரட்டி, ‘போயிங் என்றால் பயணம் இல்லை’ என்றார்கள். விமானத்திலிருந்து விழுந்த ஐபோன் ஒன்று சாலையோரத்தில் கிடைத்தது. திரையில் கீறல் இல்லை. பாதி சார்ஜ் மிச்சம். பெட்டிக்குக் கட்டணம் கட்டிய ரசீது திறந்தபடி இருந்தது. சார்ஜர் ஒயரின் முனை மட்டும் முறிந்து போனுக்குள் சிக்கியிருந்தது. விமானம் கட்டுகிறவர்கள் போன் கம்பெனியிடம் பாடம் படிக்கலாம் என்று கிண்டல் வராமல் இருக்குமா?

அடுத்த பதினோரு நாளில் நம் நாட்டின் முறை. மும்பையிலிருந்து பெங்களூருக்கு வந்த ஸ்பைஸ்ஜெட் விமானத்தின் கழிப்பறைக்குள் போன பயணி ஒருவர், கதவு திறக்காமல் உள்ளேயே மாட்டிக்கொண்டார். ஊழியர்கள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, கையால் எழுதிய ஒரு சீட்டைக் கதவுக்கடியில் தள்ளினார்கள். பதற்றம் வேண்டாம், கழிப்பறை மூடியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்காருங்கள், சில நிமிடங்களில் தரையிறங்குகிறோம் என்பது அதன் சாரம். தரையிறங்கிய பிறகுதான் பொறியாளர்கள் கதவை உடைத்து அவரை மீட்டார்கள். அங்கே திறக்கவே கூடாத சுவர் திறந்துகொண்டது; இங்கே திறக்க வேண்டிய கதவு திறக்கவில்லை. இதற்குச் சிரிக்காதவர் யார்?

இப்படிச் சிரிப்பதைக் கல்நெஞ்சம் என்று நாம் நினைக்கவில்லை. விமானத்தில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்ட பிறகு, பயணியின் கையில் எதுவுமே இல்லை. பயத்தைச் சமாளிக்க அவனிடம் மிஞ்சுவது நக்கல் மட்டும்தான். ஆபத்தின் நடுவிலேயே இருப்பவர்களுக்கும் அது கைகொடுத்திருக்கிறது. 1982 ஜூன் 24 அன்று, லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியாவுக்குச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், ஜாவா தீவின் காலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின. அப்போது கேப்டன் எரிக் மூடி பயணிகளுக்குச் செய்த அறிவிப்பு இன்றைக்கும் பிரபலம். சின்னதாக ஒரு பிரச்னை, நான்கு இன்ஜின்களும் நின்றுவிட்டன, அவற்றைக் கிளப்ப எங்களால் ஆனதைச் செய்கிறோம், நீங்கள் ரொம்பக் கவலையில் இல்லை என்று நம்புகிறேன் என்றார் மனிதர்!

இன்ஜின்கள் மீண்டும் உயிர்பெற்று, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. உயிர் பிழைத்தவர்கள் பிறகு ‘காலுங்குங் கிளைடிங் கிளப்’ என்று ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். அதைச் சொல்லிச் சிரிக்கும் முழு உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆனால், விமானத் துறை அந்தச் சிரிப்போடு நின்றுவிடவில்லை. சாம்பல் மேகங்களைக் கண்காணித்து விமானிகளை எச்சரிக்க, உலகம் முழுக்க ஒன்பது மையங்கள் பின்னாளில் உருவாயின.

போர்ட்லேண்ட் விவகாரத்தில் நாம் பார்க்க வேண்டியதும் சிரிப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான். 2024 பிப்ரவரி 6 அன்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. பெயர்ந்து விழுந்தது, கூடுதல் அவசர வழி தேவைப்படாத விமானங்களில் அந்தத் திறப்பை மூடும் அடைப்புப் பலகை. ‘டோர் பிளக்’ என்கிறார்கள். உள்ளிருந்து பார்த்தால் சாதாரணச் சுவராகவே தெரியும். அது மேலே நழுவி விலகாமல் தடுப்பவை நான்கே நான்கு போல்ட்டுகள். பலகை பெயர்வதற்கு முன்பே அந்த நான்கும் அங்கே இல்லை என்பதையே தடயங்கள் காட்டுகின்றன.

ரென்டன் நகரிலுள்ள போயிங் ஆலையில், பக்கத்தில் சேதமடைந்திருந்த ஐந்து ரிவெட்டுகளைச் சரிசெய்வதற்காக அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். வேலை முடிந்து மூடியபோது எடுத்த ஒரு போட்டோ அறிக்கையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மூன்று இடங்களில் போல்ட் இல்லை. நான்காவது இடத்தை உள்ளுறை மறைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் எடுத்த படம் அது. அக்டோபர் 31 அன்று விமானம் கைமாறியது. ஜனவரி வரை மக்களை ஏற்றிக்கொண்டு பறந்தது.

இது புதுத் தவறும் இல்லை. 1990-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன் கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே தொங்க, ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் பிழைத்ததே அதிசயம். கண்ணாடியைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சிறியவை. 1990-ல் தப்பான போல்ட். 2024-ல் போல்ட்டே இல்லை. இதையா முன்னேற்றம் என்பது?

அதே மேக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு விமானங்கள் 2018-ல் இந்தோனேசியாவிலும் 2019-ல் எத்தியோப்பியாவிலும் விழுந்து 346 உயிர்களைக் குடித்தன. அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இந்த முறை சிரிக்க முடிந்ததென்றால், இரண்டு இருக்கைகள் காலியாக இருந்ததும், எல்லோரும் பெல்ட் போட்டிருந்ததும், விமானம் முழு உயரத்தை எட்டாததும்தான் காரணம். மொத்தத்தில், அதிர்ஷ்டம்.

நக்கலுக்கும் பலன் இல்லாமல் இல்லை. விமான ரகத்தைப் பார்த்து ஒதுக்கும் வசதியைத் தரும் டிக்கெட் தளத்தில், அதைப் பயன்படுத்துகிறவர்கள் சட்டென்று பெருகினார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 171 மேக்ஸ்-9 விமானங்களைத் தரையிறக்கிச் சோதிக்க வைத்தது. உற்பத்தியைக் கூட்டவும் போயிங்குக்குத் தடை போட்டது. பயணியின் கேலியும் அரசின் கண்டிப்பும் ஒரே திசையில் சென்றால்தான் ஆலைக்குள் யாராவது குனிந்து போல்ட்டை எண்ணிப் பார்ப்பார்கள்.

நம் ஊரில் கேலி ஓய்ந்ததும் எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. இந்தியாவில் அப்போது மேக்ஸ்-9 இல்லை. மற்ற மேக்ஸ் விமானங்களின் அவசர வழிகளைச் சோதிக்க, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உடனே உத்தரவிட்டது பாராட்டுக்குரியது. ஆனால், கழிப்பறைப் பூட்டு ஏன் மக்கர் செய்தது, அதைக் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்திட்டது யார் என்பதெல்லாம் டிக்கெட் வாங்கும் சாமானியனுக்கும் தெரிய வேண்டும். மன்னிப்பு அறிக்கையோடும் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதோடும் கணக்கை முடித்துக்கொள்ள எந்த நிறுவனத்தையும் அனுமதிக்கக் கூடாது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் காரணத்தையும் எடுத்த நடவடிக்கையையும் இயக்குநரகம் பொதுவில் வெளியிடட்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் கேலிப் படங்களைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்வோம். கூடவே, போல்ட் இல்லாத அந்த மூன்று இடங்களைக் காட்டும் போட்டோவையும் அனுப்புவோம்!