காட்டில் ஒரு இரவு தூங்க எத்தனை போட்டி!

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. அங்கே யோசெமிட்டி என்று ஒரு காடு உண்டு. வானத்தை முட்டும் பாறைகள், மலை உச்சியில் இருந்து கொட்டும் அருவிகள், ஓங்கி வளர்ந்த பைன் மரங்கள். நடுவே மெர்செட் என்ற ஆறு ஓடுகிறது.

இந்த ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து ஒரு இரவாவது தூங்கிவிட வேண்டும் என்பது அந்த நாட்டுக் குடும்பங்களின் ஆசை.

ஆனால் நினைத்த மாத்திரத்தில் போய்ப் படுத்துவிட முடியாது. 5 மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 15-ந் தேதி காலை சரியாக 7 மணிக்கு, கம்ப்யூட்டரில் முன்பதிவு தொடங்குகிறது. கோடை கால நாட்கள் என்றால் எல்லா இடங்களும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். சில சமயம் சில வினாடிகளிலேயே தீர்ந்துவிடும். பூங்கா நிர்வாகமே இப்படி எச்சரிக்கை செய்திருக்கிறது!

தீபாவளிக்கு ஊருக்குப் போக ரெயில் டிக்கெட் எடுக்கப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை நன்றாகப் புரியும். பெயரை அடித்து முடிப்பதற்குள் "இடம் இல்லை" என்று வந்துவிடும் அல்லவா? அதே கதைதான்.

அப்படி என்னதான் கிடைக்கிறது?

மாளிகை எதுவும் இல்லை. மரத்தடியில் ஒரு துண்டு நிலம். கார் நிறுத்த இடம். பெஞ்சு வைத்த ஒரு மேசை. தீ மூட்ட இரும்பு வளையம் பதித்த ஒரு குழி. சாமான்களை வைத்துப் பூட்ட ஓர் இரும்புப் பெட்டி. கழிப்பிடம் பொதுவானது. கூடாரம், போர்வை, அரிசி, பருப்பு எல்லாம் நாம்தான் கொண்டு போக வேண்டும்.

இதற்கு வாடகை ஒரு இரவுக்கு 36 டாலர். நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். ஓர் இடத்தில் 6 பேர் வரை தங்கலாம். அதே பள்ளத்தாக்கில் 1927-ல் திறக்கப்பட்ட அவானி என்ற பெரிய ஓட்டல் இருக்கிறது. அங்கே ஓர் அறைக்கு இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். அருவியின் சத்தம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்! ஆகவே சம்பளக்காரக் குடும்பம் கூடாரத்தைத் தேடுவதில் ஆச்சரியம் இல்லை.

கட்டுப்பாடுகளும் உண்டு. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் போடக் கூடாது. பள்ளத்தாக்கில் கோடையில் மாலை 5 மணியில் இருந்து 10 மணி வரைதான் தீ மூட்டலாம். கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கி எரிப்பதற்கும் தடை. விறகை விலை கொடுத்து வாங்க வேண்டும்.

இன்னும் நாலு கூடாரம் அடித்தால் என்ன?

யோசெமிட்டி பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 3,000 சதுர கிலோ மீட்டர். சென்னை மாநகராட்சியைப்போல் ஏழு பங்கு. அவ்வளவு பெரிய காட்டில் இன்னும் நாலு கூடாரம் அடிக்க இடம் இல்லையா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

ஜனங்கள் தேடி வருவது முழுக் காட்டையும் அல்ல. நடுவில் உள்ள பள்ளத்தாக்கைத்தான். அதன் நீளம் சுமார் 11 கிலோ மீட்டர். அகலம் ஒன்றரை கிலோ மீட்டர். அதற்குள்தான் ரஸ்தா, ஓட்டல், ஆஸ்பத்திரி, முகாம் எல்லாம் அடங்க வேண்டும். அங்கே உள்ள மூன்று பெரிய முகாம்களிலும் சேர்த்து 400 இடங்கள்கூட இல்லை.

முன்பு இதைவிட அதிகமாக இருந்தது. 1997 ஜனவரியில் மெர்செட் ஆற்றில் பெரு வெள்ளம் வந்தது. ஆற்றை ஒட்டி இருந்த இரண்டு முகாம்களை வாரிக்கொண்டு போய்விட்டது. ஆறு மறுபடியும் பெருகும் என்பதால் அவற்றைத் திரும்பத் திறக்கவே இல்லை. நூற்றுக்கணக்கான இடங்கள் போயின. கூட்டமோ குறையவில்லை. 1954-ல்தான் ஒரே ஆண்டில் 10 லட்சம் பேர் வந்தார்கள் என்ற கணக்கை யோசெமிட்டி முதன்முதலில் தொட்டது. 2016-ல் அது 50 லட்சத்தைத் தாண்டியது. 2024-ல் சுமார் 41 லட்சம்.

முகாம்களைக் கூட்டாததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொன்னவர் மைனெக்கி என்ற மர நோய் நிபுணர்.

1920-களில் அமெரிக்காவில் மோட்டார் கார் பெருகியது. ஜனங்கள் காருடன் காட்டுக்குள் புகுந்து, கண்ட இடத்தில் கூடாரம் அடித்தார்கள். சில ஆண்டுகளில் அந்த இடங்களில் மரங்கள் வாடத் தொடங்கின. யாரும் கோடரியால் வெட்டவில்லை. பூச்சியும் அரிக்கவில்லை. பின் ஏன் வாடின?

மைனெக்கி ஆராய்ந்து பார்த்தார். காலும் சக்கரமும் மிதித்து மிதித்து மண் களத்துமேடுபோல் இறுகிவிட்டது. இறுகிய மண்ணில் மழை நீர் இறங்காது. காற்றும் போகாது. வேர் மூச்சுத் திணறுகிறது. மரம் மேலே பச்சையாக நிற்கும்போதே கீழே சாகத் தொடங்கிவிடுகிறது.

1932-ல் அவர் ஒரு திட்டம் கொடுத்தார். காருக்கு ஒரே திசையில் சுற்றி வரும் பாதை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கார் நிறுத்த ஒரு கிளை வழி. மேசையும் அடுப்பும் நகர்த்த முடியாதபடி ஒரே இடத்தில். கார் தாண்டாதபடி ஓரத்தில் பெரிய கற்கள். மிதிபடும் இடம் மிதிபடட்டும். மற்ற இடம் பிழைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு.

இந்தத் திட்டப்படி முகாம்களைக் கட்டிக் கொடுத்தவர்கள் வேலை இல்லாத வாலிபர்கள். 1933-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பஞ்ச காலத்தில் அவர்களைக் கூட்டிக் காட்டுப் படை அமைத்தார். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். இன்றைக்கு அந்த நாட்டில் எந்த முகாமுக்குப் போனாலும், வளைந்து செல்லும் பாதையும் ஆடாத மேசையும் அந்தக் காலத்து ஏற்பாடுதான்.

இவ்வளவு நாளாக "பொது மக்களின் காடு" என்று பெருமையாகச் சொல்லப்படும் இந்த இடத்தில், முன்பே குடி இருந்தவர்கள் உண்டு. அவானீச்சி என்ற பழங்குடியினர். 1851-ல் துப்பாக்கியுடன் வந்த படை அவர்கள் குடிசைகளை எரித்து விரட்டியது. 13 ஆண்டு கழித்து, 1864-ல், ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டுப் பள்ளத்தாக்கைப் பொது மக்களுக்கு ஒதுக்கினார். 1890-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் வேண்டுமானால் 36 டாலர் கட்டித்தான் கூடாரம் அடிக்க வேண்டும் என்பதை நினைத்தால் மனதுக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

கரடிக்கு ஊறுகாய் வாசனை எட்டக் கூடாது

இரும்புப் பெட்டி எதற்கு என்று சொல்லவில்லையே. கரடிக்காகத்தான்.

யோசெமிட்டியில் கருங்கரடிகள் உண்டு. மோப்பத்தில் நாயையும் மிஞ்சும். காருக்குள் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருந்தால் போதும், கதவை வளைத்து இழுத்துவிடும். 1998-ல் ஒரே ஆண்டில் 1,500-க்கு மேற்பட்ட கரடி அட்டகாசங்கள் அங்கே பதிவாயின. பிறகு முகாம் தோறும் இரும்புப் பெட்டி வைத்தார்கள். வனக் காவலர்கள் இரவில் ரோந்து சுற்றினார்கள். அட்டகாசம் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

தின்பண்டம் மட்டும் அல்ல. சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் - வாசனை உள்ள எதுவானாலும் பெட்டிக்குள் போய்விட வேண்டும். அலட்சியமாக இருந்தால் அபராதம்.

மனிதன் சாப்பாட்டை ருசி கண்ட கரடி மறுபடியும் மறுபடியும் வரும். பயம் விட்டுப்போகும். கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல வேண்டியதாகிவிடும். மனிதனுக்கும் ஆபத்து. 1967 ஆகஸ்டில் கிளேசியர் என்ற வேறொரு தேசியப் பூங்காவில் ஒரே இரவில், இரண்டு வெவ்வேறு முகாம்களில், இரண்டு இளம் பெண்களைப் பழுப்புக் கரடிகள் கொன்றன. அதில் ஓர் இடத்தில், விடுதிக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பதற்காக மிச்சம் மீதியைக் கொட்டிக் கரடிகளை வரவழைத்துக்கொண்டு இருந்தார்கள்!

காவலர் குறைந்தால்?

ஆக, காட்டில் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றால் யாராவது விழித்திருக்க வேண்டும். இன்று ஆட்டம் கண்டிருப்பது அந்த ஏற்பாடுதான்.

2024-ல் அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் இடங்களுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 33 கோடியே 18 லட்சத்தைத் தாண்டியது. இதுவரை இல்லாத அளவு. அடுத்த ஆண்டே, 2025 பிப்ரவரியில், ஜனாதிபதி டிரம்ப்பின் சர்க்கார் செலவைக் குறைப்பதாகச் சொல்லி இந்தத் துறையில் சுமார் 1,000 சிப்பந்திகளை வேலையை விட்டு நீக்கியது. யோசெமிட்டியில் அந்த மாதம் நடக்க வேண்டிய கோடை முன்பதிவு ஒத்திப்போடப்பட்டது. கோர்ட்டு தலையிட்டு, நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுக்க உத்தரவிட்டது. ஆனாலும் விலகிப் போனவர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்து, நிரந்தரச் சிப்பந்திகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று தேசியப் பூங்காப் பாதுகாப்புச் சங்கம் அந்த ஆண்டு ஜூலையில் கணக்குச் சொன்னது.

பிறகு 2025 அக்டோபர் 1-ந் தேதி, வரவு செலவுத் தகராறில் சர்க்கார் அலுவல்கள் நின்றன. 43 நாட்கள்! பெரும்பாலான பூங்காக்களைப் பூட்டாமல், பேருக்குக் கொஞ்சம் ஆட்களை வைத்து ஓட்டினார்கள். யோசெமிட்டி முகாம்களில் பணம் கட்டாமலேயே ஆட்கள் தங்கிக்கொண்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

இப்படி விட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாதது அல்ல. 2018 டிசம்பர் 22-ந் தேதியில் இருந்து 35 நாட்கள் இதேபோல் ஆபீஸ்கள் மூடிக் கிடந்தன. அப்போதும் பூங்காக் கதவுகள் திறந்தே இருந்தன. கழிப்பிடங்களைக் கழுவ ஆள் இல்லை. குப்பை மலைபோல் குவிந்தது. யோசெமிட்டியில் இரண்டு முகாம்களை அசுத்தம் காரணமாக மூடினார்கள். தெற்கே உள்ள ஜோஷுவா ட்ரீ என்ற பாலைவனப் பூங்காவில் மரங்களையே சேதப்படுத்திவிட்டார்கள். ஊர் ஜனங்கள் தாங்களாக வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போய்ச் சுத்தம் செய்தார்கள்.

பூங்காவைத் திறந்து வைத்துவிட்டுக் காவலரை வீட்டுக்கு அனுப்புவதைவிட, கதவைச் சாத்திவிடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

இடம் யாருக்குக் கிடைக்கிறது?

வாடகை 36 டாலர்தான். கதவு எல்லோருக்கும் திறந்திருப்பதுபோல் தோன்றும். ஆனால் 5 மாதம் முன்பே லீவு நிச்சயம் ஆகி இருக்க வேண்டும். 15-ந் தேதி காலை 7 மணிக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும். வேகமான இன்டர்நெட் வேண்டும். ஓட்டல் சிப்பந்திக்கும் லாரி டிரைவருக்கும் இது நடக்கிற காரியமா?

மான்டானா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஐந்து தேசியப் பூங்கா முகாம்களை எடுத்துக்கொண்டு, முன்பதிவு செய்து தங்கியவர்களையும் நேரில் வந்து இடம் பிடித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முன்பதிவு செய்தவர்கள் பொதுவாக அதிக வருமானம் உள்ள பகுதிகளில் இருந்து வந்தவர்கள் என்று தெரிந்தது.

நேரில் வருகிறவர்களுக்கே கொடுத்துவிடலாமே என்றால், அதிலும் தொல்லை. யோசெமிட்டியில் மலை ஏறுகிறவர்கள் தங்கும் "4-ம் நம்பர் முகாம்" வெகு காலம் அப்படித்தான் இருந்தது. ஜனங்கள் விடியும் முன்பே வந்து வரிசையில் நிற்பார்கள். 500 மைல் கார் ஓட்டி வந்த குடும்பம் இடம் இல்லாமல் குழந்தைகளோடு திரும்ப வேண்டி வந்தால் என்ன செய்யும்?

2023-ல் வட பைன் முகாமில் சோதனையாக ஒரு குலுக்கல் நடத்தினார்கள். விருப்பம் உள்ளவர்கள் பல நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். அதில் இருந்து எடுப்பார்கள். விரல் வேகத்துக்கு அங்கே வேலை இல்லை. இரவு ஷிப்டு முடித்துத் தூங்குகிறவனுக்கும் ஒரு சீட்டு உண்டு. பாதி இடங்களையாவது குலுக்கலிலும், கொஞ்சத்தை நேரில் வருகிறவர்களுக்கும் கொடுத்தால் நியாயமாக இருக்கும்.

நம்மவர்களுக்குப் புதிய செலவு

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர் நம் ஊர்களில் ஏராளம். கோடையில் போனால், பேரப்பிள்ளைகளோடு இந்தப் பூங்காக்களுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அவர்கள் ஒரு மாறுதலைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2025 நவம்பரில் அமெரிக்க சர்க்கார் ஓர் உத்தரவு வெளியிட்டது. அந்த நாட்டில் குடி இல்லாத வெளிநாட்டவர், வருட பாஸ் வைத்திருக்காவிட்டால், 11 பெரிய பூங்காக்களில் வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் கட்ட வேண்டும். 2026 ஜனவரி 1-ந் தேதி முதல் என்று நாள் குறித்தார்கள். யோசெமிட்டி, எல்லோஸ்டோன், கிராண்டு கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இது கிடையாது. வெளிநாட்டவருக்கான வருட பாஸ் 250 டாலர் என்று வைத்தார்கள். இரண்டு மூன்று பூங்கா பார்க்கிறவர்கள் எது லாபம் என்று முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கூடுதல் பணத்தைப் பூங்காக்களின் பராமரிப்புக்குச் செலவிடுவோம் என்று சொல்கிறார்கள். நீக்கிய காவலர்களின் இடத்தை நிரப்ப அதில் எவ்வளவு போகும் என்று அவர்கள் சொல்லவில்லை.