வீட்டுக்குள் வந்த கதாகாலட்சேபம்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு முதலிய இடங்களில் நமது தோழர்களைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகின்றது. "கோயிலுக்குப் போகாதே என்றீர்கள், சரி. சோசியனை நம்பாதே என்றீர்கள், அதுவும் சரி. உழைத்து அலுத்து வருகின்ற எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் மிச்சமிருக்கிற பொழுதுபோக்கு டெலிவிஷனும் சினிமாவுந்தான். அதையும் உடைத்துப் போடச் சொல்லப் போகிறீர்களா?" என்பதே அக்கேள்வி. இது நியாயமான கேள்வியேயாகும். நாமும் பிள்ளை பெற்றவர்கள்தான். வேலை முடிந்து வீடு திரும்பினால், பிள்ளை சிறிது நேரம் அப்பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தால் போதுமென்று நினைத்தவர்கள்தான். ஆகவே உபதேசியார் போல் பேச நாம் வரவில்லை.

துறைமுகத்திலும், கண்டெய்னர் லாரியிலும், எண்ணெய்க் கம்பெனியிலும் ஷிப்டு முறையில் பாடுபடுகின்றவன் எந்நேரத்தில் வீட்டுக்கு வருவான் என்பது அவனுக்கே தெரியாது. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கின்ற தாய் விடியுமுன்பே எழுந்து போகின்றாள். வந்த பின்பு ஒரே அறையுள்ள வீட்டில் சோறு வேகும்வரை குழந்தை அடுப்பண்டை வராமலிருக்க டெலிவிஷனைப் போடுகின்றாள். அல்லது செல்போனைக் கையில் கொடுக்கின்றாள். தெருவில் விடலாமென்றால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாய் நிற்கின்றன. சினிமாவுக்கு அழைத்துப் போகலாமென்றாலோ, 1967ம் வருஷம் முதல் தண்டையார்பேட்டைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருந்த அகஸ்தியா கொட்டகையும் 2020ல் மூடப்பட்டுவிட்டது. இப்படியிருக்க, அந்தத் தாயைக் குற்றஞ்சொல்ல யாருக்கு யோக்கியதை உண்டு?

ஆனால் ஒன்று கேட்கின்றோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவை வைப்பதானால், அவள் யார், என்ன பேசுவாள், பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பாள் என்று விசாரிக்காமல் வைப்போமா? டெலிவிஷன் என்கின்ற ஆயாவைப் பற்றி மாத்திரம் ஏன் யாரும் விசாரிப்பதில்லை?

முன்னாளில் புராணம் கேட்க வேண்டுமானால் கதாகாலட்சேபம் நடக்கின்ற இடத்துக்கு நாம் போக வேண்டும். அதுவும் நம்மில் பலரைக் கிட்டவே விடமாட்டார்கள். இப்போதோ காலட்சேபமே வீடு தேடி வந்து, நமது பாயிலேயே உட்கார்ந்துகொண்டது. 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை, நமது வரிப்பணத்தில் நடக்கின்ற தூரதர்ஷன் ஞாயிறுதோறும் காலையில் இராமாயணத்தைக் காட்டிற்று. அதன் பின் பாரதம் வந்தது. 2020ல் நோய்க்குப் பயந்து ஜனங்களெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்தபோது, வைத்திய அறிவையும் சுத்தத்தையும் பரப்ப வேண்டிய அந்த மார்ச்சு மாதத்திலேயே அதே இராமாயணத்தை மறுபடியும் எடுத்துப் போட்டார்கள். தனியார் டெலிவிஷன்களோ விடிந்தால் ராசிபலன், வெள்ளிக்கிழமையானால் அம்மன் மகிமை என்று நடத்துகின்றன.

சட்டம் என்ன சொல்லுகின்றது என்பதையும் பாருங்கள். 1994ம் வருஷத்துக் கேபிள் டெலிவிஷன் விதிகளில் 6-வது விதியானது, மூடநம்பிக்கையையோ குருட்டு நம்பிக்கையையோ ஊக்கப்படுத்துகின்ற நிகழ்ச்சி எதையும் காட்டக்கூடாது என்று சொல்லுகின்றது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976ல் அரசியல் சட்டத்திலும் சேர்த்தார்கள். விதியும் இருக்கின்றது, ராசிபலனும் நடக்கின்றது! இதில் எது நிஜம், எது வேஷம் என்று சர்க்கார்தான் சொல்ல வேண்டும்.

நிற்க, "குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த படம்" என்று ஒரு பேச்சு வழங்குகின்றது. அப்படியென்றால் என்ன? ஆபாசமில்லை, வெட்டுக்குத்தில்லை என்பதோடு நம்மவர்கள் திருப்தியடைந்து விடுகின்றார்கள். 2024ம் வருஷத்து விதிகள் 7 வயது, 13 வயது, 16 வயது என்று வகை பிரித்துச் சர்ட்டிபிகேட் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் புருஷன் அடித்தாலும் அழுதுகொண்டே அவன் காலைத் தொடுகின்றவள் உத்தமி என்றும், வேண்டாமென்று சொல்லுகின்ற பெண்ணைத் துரத்திக்கொண்டே திரிந்தால் அவள் கடைசியில் இணங்கி விடுவாள் என்றும் காட்டுகின்ற கதையைப் பார்க்க எந்த வயது தகுந்த வயது? எட்டு வயதுப் பெண் அதைப் பார்த்து அடங்கக் கற்கின்றாள். பத்து வயதுப் பையன் அதட்டக் கற்கின்றான். இதற்குப் பெயர் குடும்பப் படமாம்!

இதைவிட வெட்கக்கேடான விஷயம் ஒன்று உண்டு. வடசென்னை என்றால் கத்தி, கஞ்சா, கைதி என்றே அனேக படங்களில் காட்டுகின்றார்கள். கப்பலில் சரக்கேற்றி இந்நகரத்துக்குச் சோறு போடுகின்றவனின் பிள்ளை, திரையில் தன் தகப்பனைப் போன்றவனை ரௌடியாகவே பார்த்து வளர்ந்தால், தன்னைப் பற்றி அவனுக்கு என்ன மதிப்பு உண்டாகும்? சுயமரியாதையின் வேரையே அறுக்கின்ற வேலையல்லவா இது? 2021ல் கொட்டகைக்கு வராமல் நேரே வீடுகளுக்கு வந்த "சார்பட்டா பரம்பரை" போன்ற சில படங்களே இப்பகுதி மக்களை உழைப்பும் வீரமும் அரசியல் அறிவும் உள்ள மனிதர்களாகக் காட்டின.

பெரியார் சினிமாவை நாட்டைப் பிடித்த நோய்களில் ஒன்றாகச் சொன்னார். அது தெரிந்திருந்தும், 1949ல் "வேலைக்காரி"யும், 1952ல் "பராசக்தி"யும், 1954ல் "இரத்தக் கண்ணீ"ரும் அதே சினிமாவைக் கொண்டே மூடத்தனத்தைத் தாக்கின. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிரிக்க வைத்தே சிந்திக்க வைத்தார். ஆகவே கருவியின் மேல் நமக்கு விரோதமில்லை. அதை யார் கையில் விட்டிருக்கின்றோம் என்பதே கேள்வி.

இனி, செய்ய வேண்டியது என்ன? உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019ல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாதென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாதென்றும் யோசனை சொல்லியிருக்கின்றது. பெரிய பிள்ளைகளுடன் வாரத்தில் ஒரு நாளாவது கூட உட்கார்ந்து பாருங்கள். "இது நடக்கக் கூடியதா? அந்தப் பெண் ஏன் அழ வேண்டும்? அவன் பெரியவன், இவன் சின்னவன் என்று யார் சொன்னது?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளை சொல்லட்டும். கேள்வி கேட்கப் பழகிய பிள்ளையை எந்தப் பெட்டியும் ஏமாற்ற முடியாது.

இதற்கு நேரமேது என்பீர்கள். தோழர்களே! வீட்டில் நேரமில்லாதவள் தாய் ஒருத்திதான். டீக்கடையில் இரண்டு மணி நேரம் அரசியல் பேசுகின்ற நமக்கு நேரமில்லையென்பது பொய். பெண் விடுதலை பேசுகின்ற ஆண், மாலையில் பாத்திரம் கழுவட்டும், அல்லது பிள்ளையோடு உட்காரட்டும். பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகின்ற ஒரு தகப்பனார் தம் மகளுக்குக் கேரம் சொல்லிக் கொடுத்தார். அந்தக் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்க வேண்டுமென்பதில்லை. ஒரு கேரம் பலகையும் அதன் எதிரில் உட்காரத் தகப்பனும் இருந்தால், அதுவே குடும்பப் பொழுதுபோக்குத்தான்.

ஆகவே பெட்டியை உடைக்க வேண்டாம். அதை அணைக்கின்ற அதிகாரம் நமது கையில் இருக்கின்றதென்பதை மாத்திரம் மறக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.