சிக்னல்ல மட்டும் ஏன் உயிரை விடுது?

பைபாஸ்ல பறக்கும்போது சிங்கம். சிக்னல்ல நின்னா நடுக்கம்! ஆர்.பி.எம். முள் மேலயும் கீழயும் ஆட, பச்சை விழுற நேரம் பார்த்து 'டொப்'புனு ஆஃப். பதறிப்போய் செல்ஃபை அமுக்கினா 'டிக் டிக் டிக்'. பின்னாடி நிக்கிற பஸ்காரர் ஹார்ன்லயே நம்ம பரம்பரையை விசாரிப்பார்.

செகண்ட் ஹேண்ட்ல ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கின பசங்களோட பொதுவான சோகம் இது. உடனே என்ன பண்றோம்? ஐட்லிங் ஸ்க்ரூவை அரைச் சுத்து ஏத்துறோம். நடுக்கம் போயிடும். நோய் போகாது பாஸ்! ஒரு ராத்திரி, ஆளில்லாத ரோட்டுல, ஹெட்லைட்டோட சேர்ந்து மொத்தமா படுத்துடும்.

சிக்னல்ல மட்டும் ஏன்? பைக்குக்குக் கரண்ட் தயாரிக்கிறது இன்ஜின் கூடவே சுத்துற மேக்னட்டோ. ஐட்லிங்ல அது மெதுவா சுத்தும், கரண்டும் கம்மியா வரும். நாமளோ அந்த நேரத்துலதான் பிரேக்கை மிதிச்சு, இண்டிகேட்டர் போட்டு நிக்கிறோம். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டின்னா பெரும்பாலும் ஹெட்லைட்டும் எரிஞ்சுகிட்டே இருக்கும். ரேடியேட்டர் ஃபேன் வேற. பத்தாததை பேட்டரி கொடுக்கணும். அது வீக்கா இருந்தா ப்ளக்ல தீப்பொறி டல்லாகும், இன்ஜெக்‌ஷன் வண்டியில பெட்ரோல் பம்ப்பே தள்ளாடும்.

ஸ்பானரைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை. ஐட்லிங்ல விட்டுட்டு பிரேக்கை மிதிங்க, இண்டிகேட்டர் போடுங்க. அதுக்கேத்த மாதிரி நடுக்கம் கூடுதா? முதல்ல கரண்ட் பக்கம் சந்தேகப்படுங்க. லைட்டுக்கும் நடுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னா பெட்ரோல், காத்து பக்கம் போகலாம். (இதையெல்லாம் வெட்டவெளியில பண்ணுங்க. மூடின ஷெட்டுல இன்ஜினை ஓடவிட்டா வர்ற புகையில இருக்குற கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். அதுக்கு வாசனையும் கிடையாது.)

அடுத்து ஒரு மல்டிமீட்டர். ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு பிரியாணி காசுக்குள்ள கிடைக்கும். ராத்திரி பூரா நின்ன வண்டியில பேட்டரி 12.6 வோல்ட் கிட்ட காட்டணும். 12.2-க்குக் கீழன்னா பாதி காலி. செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழ விழுந்தா பேட்டரி வயசாயிடுச்சு. இன்ஜினை 5000 ஆர்.பி.எம். வரைக்கும் ஏத்திப் பாருங்க, 13.5-லேர்ந்து 14.5-க்குள்ள வரணும். 12-லயே நிக்குதா? சார்ஜே ஏறலை. இந்த நிலைமையில புது பேட்டரி வாங்கினா அதுவும் சீக்கிரமே காலியாயிடும்! 15-ஐத் தாண்டுதா? ரெகுலேட்டர் அவுட், பேட்டரியை வேக வெச்சிடும். ரெண்டுலயும் முதல்ல ரெகுலேட்டர் கப்ளரைக் கழட்டிப் பாருங்க. பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தா திருடன் கிடைச்சாச்சு.

பலரும் மறக்குறது எர்த் வயர். மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொன்னை இன்ஜின் மெட்டல்லயும் வெச்சுகிட்டு செல்ஃப் அடிங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த போல்ட்டைக் கழட்டி, உப்புத்தாள் போட்டு, இறுக்குங்க. செலவு அஞ்சு ரூபா.

அப்புறம் நம்ம கைவரிசை. 60/55 வாட்ஸ் பல்பு இருந்த இடத்துல 100/90 போட்டா, லோ பீம்லயே நாலரை ஆம்பியர் இழுத்தது ஏழரை இழுக்கும். ஏற்கெனவே தத்தளிக்கிற ஐட்லிங்குக்கு ஏழரைச் சனி! ஃப்யூஸ் போச்சேன்னு சிகரெட் அட்டை ஃபாயிலைச் சுத்தி மாட்டுற வேலை மட்டும் வேணவே வேணாம். ஷார்ட் ஆனா ஃப்யூஸுக்குப் பதிலா வயர் எரியும். வயர் போறது பெட்ரோல் டேங்குக்கு அடியில.

கரண்ட் பக்கம் சுத்தம்னா ப்ளக்கைக் கழட்டுங்க. கரி அப்பியிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெளுத்திருந்தா காத்து ஜாஸ்தி. செமஸ்டர் லீவ்ல ரெண்டு மாசம் நிறுத்தி வெச்ச கார்புரேட்டர் வண்டியில ஸ்லோ ஜெட் அடைச்சிருக்க வாய்ப்பு அதிகம். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்குற ரப்பர்ல ஐட்லிங்கின்போது லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க. சத்தம் மாறினா அங்க விரிசல்.

இவ்வளவு பார்த்துட்டு மெக்கானிக் அண்ணன்கிட்ட போங்க. "வண்டி ஒரு மாதிரி இருக்குண்ணே"ன்னா கார்புரேட்டர்லேர்ந்து பேட்டரி வரைக்கும் பில் நீளும். "5000-ல 12.3தான் வருதுண்ணே, கப்ளர் கருகியிருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க... அண்ணன் நேரா அதைத்தான் கழட்டுவார்.

அடுத்த வாரம் செயின் ஸ்ப்ராக்கெட்!