நாணயத்தில் இல்லாத முகம்

நாணயம் சேர்ப்பது மன்னர்களின் பொழுதுபோக்கு என்பார்கள். பழைய ஜெர்மானியப் பொற்காசுகளைத் தேடுவோர்க்கு 'ஆற்றுப்பொன் டுகாட்' என்றால் தனி மோகம். டுகாட் என்பது ஏறத்தாழ 3.49 கிராம் எடையுள்ள காசு; ஆயிரத்துக்கு 986 பங்கு பொன். 1756-இல் பவேரியாவை ஆண்ட மூன்றாம் மாக்சிமிலியன் யோசப், டான்யூப், இன், ஈசார் என்னும் மூன்று ஆறுகளின் பொன்னிலும் தனித்தனியே காசு அடித்தார். ஒரு பக்கம் அவர் முகம். மறுபக்கம் ஆற்றுத் தெய்வம். 1763-இல் பாலட்டினேட்டை ஆண்ட கார்ல் தியோடர், ரைன் ஆற்றுப் பொன்னில் காசு வெளியிட்டார். ரைன் நதிக் கரைகள் இவ்வாறு ஒளிர்கின்றன என்று அதில் இலத்தீனில் பொறித்தார்.

கரை தானாக ஒளிர்ந்ததா? ஆற்று மணலில் பொன் மிகச் சொற்பம். ஏழை மக்கள் மணலை அள்ளி, துணி விரித்த சரிவுப் பலகையில் கொட்டி, நீரூற்றி அரித்தார்கள். துணியில் தங்கிய கனமான துகள்களோடு பாதரசத்தைச் சேர்த்தார்கள். பொன்னும் பாதரசமும் கூடி இரசக்கலவையாகும்; அதைச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் பொன் எஞ்சும். அந்த ஆவி நரம்புகளைத் தாக்கும் நஞ்சு என்பதை வேதியியல் பயிலும் நாம் அறிவோம். அரித்தவன் நஞ்சைச் சுவாசித்தான். ஆண்டவன் முகம் காசில் ஏறியது!

"காசில் எல்லோர் முகத்தையும் பொறிக்க முடியுமா?" என்று நண்பர்கள் கேட்கலாம். முடியாதுதான். ஆனால் சேகரிப்பவர்கள் ஆண்டு, எடை, தேய்மானம் எல்லாவற்றையும் நுணுக்கமாகக் குறித்து வைக்கிறார்கள். 'மிக அரியது' என்றும் எழுதுகிறார்கள். ஏன் அரியது என்று எழுதும்போது, பொன் அரித்த அந்தக் கைகளுக்கும் ஒரு வரி ஒதுக்கினால் என்ன?

1817-இல் ரைன் ஆற்றை நேராக்கும் பணி தொடங்கியது. பொன் தங்கிய மணல் திட்டுகள் குறைந்தன. அந்நூற்றாண்டிலேயே அத்தொழிலும் நலிந்தது. இன்று அந்த உழைப்புக்குச் சாட்சியாக அந்தக் காசுகள் இருக்கின்றன. அவற்றைப் பெட்டகத்தில் பூட்டி விலை ஏறக் காத்திருப்பவர் பொன்னைத்தான் சேர்க்கிறார். ஆராய்ந்து, எழுதி, பிறர் காண வைப்பவரே வரலாற்றைச் சேர்க்கிறார். முன்னவரைச் செல்வர் என்போம். பின்னவரையே சேகரிப்பாளர் என்போம். இது என் துணிபு.